இல்லறக் கணக்கு: கட்டணத்தின் நிழலாய் வரும் வரி

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடன் அட்டை. இன்னும் திட்டமாகக் கூறின், அந்த அட்டைக்காக வங்கிகள் வாங்கும் கட்டணங்களின் மேலும் வட்டியின் மேலும் ஏறிவரும் வரி. இதனைச் சிறு பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால், சிறு துளை வழியே புகும் நீரைக் கவனியாது விட்டால் வள்ளம் என்னவாகும் என்பதைக் கடலோரத்தில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் வாழும் விழிஞ்ஞம் மிகப் பழைய துறைமுகம். ஆய் வேளிர் ஆண்டதும், பாண்டியரும் சோழரும் கைக்கொள்ளப் போரிட்டதும் இவ்வூரையே. துறைமுகம் உள்ள இடத்தில் சுங்கம் இருப்பது இயல்பு. சுங்கம் மக்களுக்குப் பெருஞ்சுமையாய் இருந்தது என்பதற்கும், அதை நீக்கிய மன்னனை மக்கள் எவ்வளவு போற்றினர் என்பதற்கும் முதற் குலோத்துங்கனுக்கு வழங்கிய ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பெயரே சான்று. அதே கரையில் எழுந்த புதிய பெருந்துறைமுகம் 2025 மே 2 ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்களை இப்போது நம் வீட்டு வாயிலிலிருந்தே காண்கின்றோம். பழங்காலச் சுங்கச் சாவடியை மட்டும் காணோம். இன்றைய வரி, சாவடியில் நின்று கை நீட்டுவதில்லை. கைப்பேசியில் வந்து விழும் கணக்குச் சீட்டின் கடைசி வரிகளில், பலரும் படியாது விடும் சிறிய எழுத்துகளில் அமைந்துள்ளது.

விழிஞ்ஞம், கோவளம், முக்கோலை, பாலராமபுரம், சாலைக் கடைத்தெரு எனப் பரந்து வாழும் நம் குடும்பங்களின் வரவு ஒரு வகையானதன்று. பாலராமவர்மா மகாராஜா ஆண்ட காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் வழியினர் உளர். சாலையில் பலசரக்கும் பூவும் காய்கறியும் விற்போர் உளர். மீன் ஏலத்தையும் ஐஸ் வாணிகத்தையும் வலைத் தொழிலையும் நம்பி வந்தோர் உளர். அண்மையில் துறைமுக வேலைக்கென வந்தோரும் உளர். மாதச் சம்பளம் வாங்குவோர் சிலரே. ஏனையோர்க்கு ஒரு நாள் வரவு உண்டு; மறுநாள் இல்லை. அட்டைக் கடனுக்குரிய கெடு நாளோ, கடல் கொந்தளித்தாலும் வாணிகம் படுத்தாலும் தன் தேதியில் வந்து நிற்கும். ஆதலின் இவ்வரியின் கணக்கு, மாதச் சம்பளக்காரரை விட நம்மவர்க்கே பெரிதும் வேண்டப்படுவது.

வரி வளர்ந்த வரலாறு

கடன் அட்டை என்னும் வழக்கம் 1950 இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ‘டைனர்ஸ் கிளப்’ அட்டையோடு பரவத் தொடங்கியது. நம் நாட்டில் வங்கி வழங்கிய முதல் கடன் அட்டையை 1980 இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா வெளியிட்டது. அப்போது பணிகளுக்கென்று தனி வரி இந்நாட்டில் இல்லை. 1994 இல்தான் சேவை வரி என்பது பிறந்தது. தொலைபேசி, பங்குத் தரகு, ஆயுள் அல்லாத காப்பீடு ஆகிய மூன்றுக்கு மட்டும் 5 சதவீதம் விதிக்கப்பட்டது. 2001 ஜூலையில் வங்கிப் பணிகளும் அவற்றுள் கடன் அட்டையும் அவ்வரிக்குள் வந்தன.

அதன் பின்னர் வரி ஏறிய வகையைப் பாருங்கள். 2003 இல் 8 சதவீதம். 2004 இல் 10. 2006 இல் 12. இடையில் 2009 இல் 10 ஆகக் குறைந்து, 2012 இல் மீண்டும் 12 ஆயிற்று. 2015 இல் 14. துணை வரிகள் இரண்டும் சேர்ந்து 2016 இல் 15. 2017 ஜூலை 1 ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது நாம் ஜி.எஸ்.டி. என்று வழங்குவது, நடைமுறைக்கு வந்தபோது 18. ஐந்நூறு ரூபாய்க் கட்டணத்திற்கு 2001 இல் 25 ரூபாய் வரி கட்டிய குடும்பம், இன்று அதே கட்டணத்திற்கு 90 ரூபாய் கட்டுகின்றது. கட்டணமும் அன்றிருந்த அளவில் நிற்கவில்லை என்பது வேறு செய்தி.

பண்டைத் தமிழ் மன்னர் விளைவில் ஆறில் ஒரு பங்கைக் கடமையாகப் பெற்றனர் என்று படித்திருக்கின்றோம். நூற்றுக்குப் பதினெட்டு என்பது அந்த ஆறில் ஒன்றினும் சற்று மிகுதி. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. மன்னன் பெற்றது விளைந்த நெல்லில் ஒரு பங்கு. விளையாத ஆண்டில் பங்கும் இல்லை. அட்டையின் மேல் வரும் இவ்வரியோ, கையில் பணம் இல்லாத மாதத்தில்தான் மிகுதியாக வருகின்றது. எவ்வாறு என்பதைக் கீழே காண்போம்.

எவற்றுக்கெல்லாம் வரி

கடையில் அட்டையைக் கொடுத்து அரிசியோ துணியோ வாங்கும்போது, அட்டையில் வாங்கினோம் என்பதற்காக நம்மிடம் தனி வரி எதுவும் வாங்குவதில்லை. வாங்கிய பொருளுக்கு உரிய வரி, ரொக்கத்துக்கும் அட்டைக்கும் ஒன்றே. கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் வட்டியும் இல்லை. வட்டி இல்லையாதலின் அதன்மேல் வரியும் இல்லை. இவ்வாறு ஒழுங்காகச் செலுத்துவோர்க்கு அட்டை ஒரு வசதியே. அதனை நாம் குறை கூறவில்லை.

வரி வருவது வங்கி தன் பணிக்கென்று வாங்கும் தொகைகளின் மீது. ஆண்டுக் கட்டணம், கெடு தவறிய கட்டணம், அனுமதித்த எல்லையை மீறிய கட்டணம், ரொக்கம் எடுத்த கட்டணம், தவணையாக மாற்றித் தரும் கட்டணம், அயல்நாட்டு நாணயத்தில் செலவு செய்தால் வாங்கும் மேல்தொகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்குப் பதினெட்டு உண்டு. ‘ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய்’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் கண்டால், நாம் செலுத்தப்போவது 1,178 ரூபாய் 82 காசு என்று மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள மகனுக்காக 10,000 ரூபாய் மதிப்புள்ள பொருளை அந்நாட்டு நாணயத்தில் வாங்கினால், மேல்தொகை 3.5 சதவீதம் எனக் கொள்ளின், 350 ரூபாயும் அதற்கு வரி 63 ரூபாயும் சேர்ந்து 413 ரூபாய் கூடும்.

பெட்ரோல் நிலையத்தில் வேறொரு நுட்பம் உண்டு. அங்கே அட்டைக்கு வாங்கும் ஒரு சதவீத மேல்கட்டணத்தை வங்கிகள் பல, குறிப்பிட்ட அளவுக்குத் திருப்பித் தருகின்றன. ஆனால் அந்த மேல்கட்டணத்தின் மீது வாங்கிய வரியைப் பல வங்கிகள் திருப்புவதில்லை. ஆயிரம் ரூபாய்ப் பெட்ரோலுக்கு இது ஒரு ரூபாய் எண்பது காசுதான். பெரிய இழப்பன்று. எனினும், கட்டணம் திரும்பினாலும் வரி திரும்பாமல் போகலாம் என்னும் பாடத்தை இதிலிருந்து கற்கலாம்.

அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பது எல்லாவற்றினும் கொடியது. எடுத்த தொகையில் இரண்டரை சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் எனப் பல வங்கிகள் கட்டணம் வைத்துள்ளன. அவசரத்துக்கு 5,000 ரூபாய் எடுத்தவர் 500 ரூபாய்க் கட்டணமும் 90 ரூபாய் வரியும் ஆக 590 ரூபாய் இழக்கின்றார். எடுத்த கணமே நூற்றுக்குப் பதினொன்றரை ரூபாய்க்கு மேல் போயிற்று. வட்டியும் அன்றே தொடங்கிவிடும். வட்டியில்லா நாள்கள் என்பது ரொக்கத்துக்கு இல்லை.

வட்டிக்கும் வரி

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். வங்கியில் நகைக்கடன் வாங்குகின்றோம், வீட்டுக்கடன் வாங்குகின்றோம், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குகின்றோம். அவற்றுக்கு நாம் கட்டும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017 ஜூன் 28 ஆம் நாள் மைய அரசு வெளியிட்ட வரிவிலக்கு அறிவிக்கையில், கடனுக்கு வட்டியாகப் பெறும் தொகைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அதே வரியில், அடைப்புக்குறிக்குள், கடன் அட்டைப் பணிகளில் அடங்கிய வட்டி நீங்கலாக என்றும் எழுதியிருக்கின்றது. இந்தச் சில சொற்களின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு குடும்பம் பள்ளி திறக்கும் மாதத்தில் 20,000 ரூபாய்க்கு அட்டையில் பொருள் வாங்கியது எனக் கொள்வோம். கெடு நாளில் முழுத் தொகையும் கையில் இல்லை. கணக்குச் சீட்டில் ‘குறைந்தபட்சம் செலுத்த வேண்டியது 1,000 ரூபாய்’ என்று கண்டிருக்கின்றது. அதைச் செலுத்தி, இம்மாதக் கடமை முடிந்தது என்று அக்குடும்பம் அமைதி கொள்கின்றது. வட்டி மாதம் மூன்றரை, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு வட்டி வாங்கும் அட்டைகள் பல உள்ளன. முழுத் தொகை செலுத்தாதபோது, வட்டி கெடு நாளிலிருந்து அன்று, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். எஞ்சிய 19,000 ரூபாய்க்கு அறுபது நாள் வட்டி ஏறத்தாழ 1,312 ரூபாய். அதன்மேல் வரி 236 ரூபாய். ஆக 1,548 ரூபாய். செலுத்தியது ஆயிரம், புதிதாய் ஏறியது ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு. கடன் குறைந்ததா, கூடிற்றா என்பதை நேயர்களே முடிவு செய்க.

அதே 19,000 ரூபாயை, கையிலிருந்த ஒரு நகையை வைத்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வங்கியில் வாங்கியிருந்தால், அறுபது நாளுக்கு வட்டி 375 ரூபாய். அந்த வட்டிக்கு வரி இல்லை. அட்டைக் கடனில் வரியாக மட்டும் போன 236 ரூபாய், நகைக்கடனின் முழு வட்டியில் ஐந்தில் மூன்று பங்கையும் கடந்து நிற்கின்றது. நகையை மதிப்பிடும் கட்டணத்துக்கும் பத்திரக் கட்டணத்துக்கும் வரி உண்டு என்பதும், கெடு தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதும் உண்மையே. அவற்றையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். எனினும் இருவகைக் கடனுக்கும் இடையிலுள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகின்றதன்றோ?

நம் ஊர்ப்புற வழக்கில் இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். ‘நூற்றுக்கு மூன்று வட்டி’ என்றால் மாதம் நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய். அவ்வட்டிக்கு விடுபவரைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் நல்ல சொல் சொல்வதில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழக அரசு 2003 இல் தனிச் சட்டமே இயற்றியது. கேரள அரசு 2014 இல் ‘ஆப்பரேஷன் குபேரா’ என்னும் பெயரில் கொடுவட்டிக்காரர் மீது நடவடிக்கை எடுத்தது. ஆனால் மாதம் மூன்றரை சதவீத அட்டைக் கடன், வரியும் சேர்ந்தால், நூற்றுக்கு நான்கு ரூபாய் பதின்மூன்று காசு வட்டியாகின்றது. ஆண்டுக் கணக்கில் 42 என்பது 49 ரூபாய் 56 காசாக உயர்கின்றது. வட்டிக்காரர் வீட்டு வாசலை மிதிக்க நாணும் நாம், பளபளக்கும் அட்டையை நீட்டும்போது நாணுவதில்லை.

இவ்வட்டிக்கு மேல் வரம்பு உண்டா என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வாணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் கூறியது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 ஆம் நாள் நீக்கிவிட்டது. வட்டி உயர உயர, அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டாக வரும் வரியும் உயரும்.

கெடு தவறிய கட்டணத்திலும் இத்தகைய வேறுபாடு ஒன்று உண்டு. ஏனைய கடன்களில் தவணை தவறியதற்கு வங்கி வாங்கும் தண்டத் தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது, 2025 ஜனவரியில் அதற்குச் சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் அச்சலுகை சார்ந்து நிற்கும் ரிசர்வ் வங்கியின் விதி, கடன் அட்டைக்குப் பொருந்தாது. ஆதலின் அட்டையில் கெடு தவறியவர் 500 ரூபாய்க் கட்டணத்தோடு 90 ரூபாய் வரியும் சேர்த்தே கட்டுகின்றார்.

‘வட்டியில்லாத் தவணை’

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கடைகளில் தொங்கும் ‘வட்டியில்லாத் தவணை’ அறிவிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். வட்டியே இல்லாத கடன் என்பது கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 இலேயே கூறிவிட்டது. தவணையில் வட்டி இருக்க, அதனை இல்லாததுபோல் மறைத்தல் கூடாது என்று 2022 இல் விதித்தது. நடப்பது யாதெனில், வங்கி வாங்கப்போகும் வட்டியைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடி செய்கின்றார். வங்கி அவ்வட்டியைத் தவணைதோறும் நம்மிடம் வாங்கிக்கொள்கின்றது. வட்டி இவ்வாறு ஈடாகின்றது. அவ்வட்டியின் மேல் வரும் வரி ஈடாவதில்லை.

ஒரு குளிர்பதனப் பெட்டிக்கான தவணைகளில் வட்டி மொத்தம் 1,000 ரூபாய் எனக் கொள்வோம். அதற்கு வரி 180 ரூபாய். தவணையாக மாற்றும் கட்டணம் 199 ரூபாய் என்றால், அதன் வரி ஏறத்தாழ 36 ரூபாய். ஆக, செலவே இல்லை என்று சொல்லப்பட்ட தவணைக்கு 415 ரூபாய் செலவு. தவணையில் வாங்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. இந்த 415 ரூபாயை அறிந்து கொடுப்பது வேறு, அறியாமல் கொடுப்பது வேறு.

வரிப்பணம் எந்த நாட்டுக்கு?

இரு மாநிலங்களுக்கு இடையில் வாழும் நமக்குரிய கேள்வி ஒன்று உண்டு. நாம் கட்டும் இவ்வரி கேரளத்துக்குச் சேருமா, தமிழ்நாட்டுக்குச் சேருமா? வங்கிப் பணிகளைப் பொறுத்தவரை, வங்கியின் பதிவேட்டில் நம் முகவரி எந்த மாநிலத்தில் உள்ளதோ, மாநிலப் பங்கு அந்த மாநிலத்துக்கே உரியது என்பது சட்டம். அட்டை வழங்கும் வங்கி அதே மாநிலப் பதிவிலிருந்து கணக்கு எழுதினால், சீட்டில் 9 சதவீதம் மைய அரசுக்கும் 9 சதவீதம் மாநில அரசுக்கும் எனப் பிரித்துக் காட்டியிருக்கும். வேறு மாநிலத்திலிருந்து எழுதினால் 18 சதவீதமும் ஒரே வரியாக, ஐ.ஜி.எஸ்.டி. என்று காட்டியிருக்கும், பின்னர் அது பிரிந்து உரிய மாநிலத்தை அடையும். நாம் கட்டும் தொகை எப்படியும் ஒன்றே.

ஒரு காலத்தில் மட்டும் அது ஒன்றாயில்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரள அரசு 2019 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜூலை 31 வரை ஒரு சதவீத வெள்ள மேல்வரி விதித்தது. மாநிலத்துக்குள்ளேயே எழுதப்பட்ட கட்டணக் கணக்குகளில் அந்நாளில் 18க்குப் பதில் 19 சதவீதம் ஆயிற்று. வெள்ளத்தில் நம்மையும் காத்த மண்ணுக்கு அந்த ஒரு ரூபாயைக் கொடுத்ததில் நமக்கு வருத்தம் இல்லை.

முகவரியைப் பற்றி இங்குக் குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ இருந்தபோது வாங்கிய அட்டையைப் பழைய முகவரியோடும் பழைய கைப்பேசி எண்ணோடும் இங்குக் கொண்டுவந்து வழங்குவோர் பலர். கணக்குச் சீட்டு பழைய வீட்டுக்குப் போகும். நினைவூட்டும் குறுஞ்செய்தி, விட்டுவிட்ட எண்ணுக்குப் போகும். கெடு தவறும். கட்டணமும் வட்டியும் அவற்றின் வரியும் மட்டும் வழி தவறாமல் வந்து சேரும். ஊர் மாறியதும் வங்கியில் முகவரியையும் எண்ணையும் மாற்றுவது, குடும்ப அட்டையை மாற்றுவது போன்ற கடமை எனக் கொள்ளுங்கள்.

கடை வைத்திருப்போர்க்கும் ஒரு குறிப்பு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், தொழிலுக்கென்று பயன்படுத்தும் அட்டையின் கட்டணத்துக்குக் கட்டிய வரியை, தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கு வங்கியிடம் தம் பதிவு எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணோடு வரிச்சீட்டுப் பெறல் வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு வணிகர்க்கு இவ்வசதி இல்லை. வீட்டுச் செலவுக்கு அட்டை வைத்திருப்போர்க்கும் இல்லை. வணிகர் பிறர் தோளுக்கு மாற்றக்கூடிய சுமையை இல்லத்தார் தாமே சுமக்கின்றனர்.

உரிமைகளும் கடமைகளும்

வரி வாங்குவது வங்கியின் ஊதியத்துக்கன்று. வாங்கி அரசுக்குச் செலுத்துவதே வங்கியின் பணி. ஆதலின் வரியைத் தள்ளுபடி செய்யுமாறு வங்கி அலுவலரோடு வாதாடுவதில் பயனில்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்பதில் பயன் உண்டு. கட்டணம் எழுதப்படாவிடில் வரியும் எழுதப்படாது. முன்பே எழுதிய கட்டணத்தைத் திருப்பித் தர வங்கி இசைந்தால், அதன் வரியும் சேர்ந்து திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ரிசர்வ் வங்கி 2022 இல் வகுத்த விதிகளில் நம்மவர் அறிய வேண்டியவை சில உள்ளன. செலுத்தாமல் நின்ற கட்டணத்தையும் வரியையும் முதலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடுதல் கூடாது. கெடு நாள் கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆன பின்னரே கெடு தவறிய கட்டணம் வாங்கலாம். கேளாதவர்க்கு அட்டையை அனுப்பிக் கட்டணம் போட்டால், அதைத் திருப்புவதோடு இருமடங்கு தண்டமும் வங்கி தரல் வேண்டும். பாக்கி இல்லாத அட்டையை மூடும்படி எழுதிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். வங்கியிடம் முறையிட்டு முப்பது நாளுக்குள் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் விவரம் கேட்டறியலாம்.

இனி, இல்லத்தில் செய்ய வேண்டுவன. மாதந்தோறும் கணக்குச் சீட்டு வந்ததும், கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து அதில் ஜி.எஸ்.டி. என்று எழுதிய வரிகளை மட்டுமேனும் தேடிப் பாருங்கள். அவ்வரிகள் ஒன்றும் இல்லையெனில் அட்டை உங்கள் ஆணையில் இருக்கின்றது என்று பொருள். ஒன்றிரண்டு இருப்பின் அவை எந்தக் கட்டணத்தைத் தொடர்ந்து வந்தன என்று பாருங்கள். வட்டியைத் தொடர்ந்து வந்திருப்பின், அன்றே விழித்துக்கொள்ள வேண்டும். அக்கடனை முடிக்க, வட்டிக்கு வரியில்லாத வேறு கடன் குறைந்த வட்டியில் கிட்டுமாயின் அதை வாங்கியேனும் அட்டைக் கடனை அடைப்பது மேல். அடைத்த பின் மீண்டும் அட்டையை நிரப்புதல் கூடாது. மழைக்காலத்தில் வரவு குறையும் தொழிலில் உள்ளோர், வரவு மிகுந்த நாளிலேயே இரண்டு மாதச் செலவுக்குரியதை ஒதுக்கி வைப்பாராயின் இந்நிலை வாராமலே தடுக்கலாம்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அட்டை வைத்திருப்போர் வசதி படைத்தோர். அவர் வரி கட்டினால் என்ன என்று வாதிடுவோர் உளர். கெடு நாளுக்குள் முழுத் தொகை செலுத்தும் வசதி படைத்தோர் வட்டியும் கட்டுவதில்லை. அதன் வரியும் கட்டுவதில்லை. பணம் பற்றாமல் பாதியில் நிற்பவரே இரண்டையும் கட்டுகின்றனர். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவீத வரி, குடும்பங்களுக்குச் சுமை என்று உணரப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. கடன் வட்டிக்கு வரியில்லை என்னும் பொது விலக்கிலிருந்து அட்டைக் கடனின் வட்டியை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கும் அடைப்புக்குறியையும் அவ்வாறே நீக்குவது முறையாகும் என்பது நம் கருத்து.

அந்த நாள் வரும் வரை நம்மைக் காத்துக்கொள்ளும் வழி நம் கையில்தான் உள்ளது. குறைந்தபட்சத் தொகை என்று வங்கி எழுதியிருப்பது வங்கிக்குப் போதுமான தொகை. நமக்குப் போதுமானது முழுத் தொகையே. இதனை வீட்டிலுள்ள இளையோர்க்கும் சொல்லி வையுங்கள். முதல் சம்பளத்தோடு முதல் அட்டையையும் வாங்கும் பருவத்தில் இருப்பவர்கள் அவர்களே.